பழைய ஆலைக்குள் புதிய கூட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மூடிக்கிடக்கும் நூற்பாலைகளையும் நெசவாலைகளையும் நிகழ்ச்சிக் கூடமாக மாற்றுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். கணக்கு வரும் இடங்களில் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 7 மீட்டர் உயரமுள்ள ஒரு கூடத்தை வைத்துக்கொண்டோம். உங்கள் அளவைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாகப் பூட்டிக்கிடக்கும் நூற்பாலை குடும்பச் சொத்தாக எங்களுக்கு வந்திருக்கிறது. உள்ளலங்காரம் செய்பவர் வரைபடத்தோடு வந்துவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?

வரைபடத்தை இப்போதைக்குச் சுருட்டி வையுங்கள். நல்ல மழை பெய்யும் நாளில் ஆலைக்குள் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். ரம்பத்தின் பல்போல ஒரு பக்கம் சரிவும் மறுபக்கம் கண்ணாடியுமாக அடுத்தடுத்து எழும் ரம்பப்பல் கூரையில் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் தண்ணீர் வாய்க்கால் ஓடும். அது கட்டடத்தின் வெளி ஓரத்தில் இல்லை, உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. இலையும் புறா எச்சமும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேதான் கொட்டும். எங்கே சொட்டுகிறது, எந்தச் சுவரில் கறை இறங்கியிருக்கிறது, எந்த ட்ரஸ்ஸின் (கூரையைத் தாங்கும் கம்பிச் சட்டம்) முனை துருப்பிடித்திருக்கிறது என்று சுண்ணக்கட்டியால் அந்தந்த இடத்துக்கு நேராகத் தரையில் குறித்துவிடுங்கள். கூரை வேலையின் பட்டியல் அதிலேயே பாதி வந்துவிடும். வாய்க்காலைப் பழுதுபார்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிகுழாய் வையுங்கள். இரண்டும் அடைபட்டாலும் தண்ணீர் வெளிச்சுவர் வழியே வழிந்தோட ஒரு போக்கும் வேண்டும்.

அடுத்து, பழைய கட்டடங்களில் வேலை செய்த கட்டமைப்புப் பொறியாளரின் ஆய்வு. அதே நேரத்தில் கட்டடப் பயன்பாட்டை மாற்றுவதற்கான அனுமதியையும் விசாரியுங்கள். தொழிற்சாலைக்குப் போதுமானதாக இருந்த கட்டடம் மக்கள் கூடும் கட்டடத்துக்கான விதிகளில் தேறாமல் போகலாம். இந்த விதிகள் எங்கும் கடுமையானவை. அனுமதி கிடைக்குமா என்று தெரிவதற்கு முன் நாற்காலிக்குக்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

எந்தப் பகுதியை எதற்கு வைத்துக்கொள்வது என்பதை ஆலையே ஓரளவு சொல்லிவிடும். பஞ்சுக் கிடங்குக்குச் சுவர் தடிமன், சன்னல் குறைவு. ஒலி வெளியே போகாது என்பதால் இசை நிகழ்ச்சிக்கு அதுதான் முதல் தேர்வு. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் எந்திரங்கள் ஓடிய பெரிய கூடம் விருந்துக்கும் கண்காட்சிக்கும் ஏற்றது. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமில் தீப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் பெரும்பாலும் தனிச் சுவர் வைத்துப் பிரித்துக் கட்டியிருப்பார்கள். சமையலறையை அங்கே வையுங்கள். சாயப்பட்டறையும் கழிவுநீர்த் தொட்டியும் இருந்த இடமானால் மண்ணைச் சோதிக்காமல் குழந்தைகள் விளையாடும் புல்தரை போட வேண்டாம்.

கேள்வி: மேல்தளத்தில் டன் கணக்கில் எந்திரங்கள் ஓடின. அதே தளத்தில் மனிதர்கள் நின்றால் என்ன ஆகிவிடும்?

இதே நியாயத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்று இடங்களில் உடைகிறது.

எந்திரத்தின் எடை அதன் கால்களில் இறங்கும். அந்தக் கால்களை உத்திரத்துக்கு மேலே வருமாறு பார்த்து வைத்தார்கள். நடுவில் நடைபாதை காலியாக இருந்தது. கூட்டம் அப்படி இருக்காது, மேடைக்கு முன்னால் போய் நெருக்கியடிக்கும். அதனால்தான் பல நாட்டு விதிகள் மக்கள் கூடும் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 500 கிலோ பாரத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. தளம் முழுவதும் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் எவ்வளவோ, அவ்வளவு.

இரண்டாவது, தளம் இன்று பழைய நிலையில் இல்லை. பெல்ட் போக ஓட்டை போட்டிருப்பார்கள், குழாய்க்காக உத்திரத்தின் ஓரத்தைச் செதுக்கியிருப்பார்கள். செங்கல் வளைவுகள் தாங்கும் தளமானால், வளைவுகள் விலகாமல் இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பிகள் இடைஞ்சலாக இருக்கின்றன என்று யாராவது அறுத்திருக்கலாம். அப்படி ஒரு கம்பி குறைந்தாலும் உடனே பொறியாளருக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஆட்டம். தாளத்துக்குக் கூட்டம் சேர்ந்து குதிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2.8 தடவை தளத்தில் இடி விழுகிறது. அதன் இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும்கூடத் தளம் அதிரும். தளத்தின் இயல்பான அதிர்வெண் 8.4 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 8.4 தடவை) கீழே இருந்தால் விரிவாகக் கணக்கிட வேண்டும் என்று பிரிட்டிஷ் தரவிதி வைத்திருந்தது இந்த மூன்று மடங்குக் கணக்கில்தான். நீண்ட உத்திரங்கள் கொண்ட பழைய தளங்கள் பல அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். மேல்தளத்தில் கண்காட்சி, கருத்தரங்கு, உட்கார்ந்து சாப்பிடும் விருந்து இவற்றோடு நிறுத்திக்கொண்டு, ஆட்டம் பாட்டத்தைத் தரைத்தளத்துக்கு இறக்குவது பெரும்பாலான ஆலைகளுக்குச் சரியான முடிவு.

உத்திரமும் தூணும் எந்த உலோகம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பொறியாளரை அருகில் வைத்துக்கொண்டு, பாரம் குறைவாக வரும் ஓர் ஓரத்தில் சிறு துளை போட்டால் தெரிந்துவிடும். எஃகு சுருள் சுருளாக வரும். வார்ப்பிரும்பு கருஞ்சாம்பல் பொடியாக உதிரும், விரலில் தேய்த்தால் பென்சில் கரிபோல ஒட்டும். உத்திரத்தின் கீழ்ப்பட்டை மேல்பட்டையைவிட மிக அகலமாக இருந்தாலும் வார்ப்பிரும்பு என்று சந்தேகப்படலாம். அது அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பை அதில் சிறு பங்குதான் தாங்கும் என்பதால் இழுப்பு வரும் கீழ்ப்பக்கத்தை அப்படிப் பெரிதாக வார்த்தார்கள். வளைந்து எச்சரிக்கை தரும் குணம் எஃகுக்கு உண்டு, வார்ப்பிரும்புக்குக் கிடையாது. கான்கிரீட் தளத்தில் செய்வதுபோலத் தண்ணீர்ப் பை வைத்துப் பாரச் சோதனை செய்ய வேண்டாம். அளந்து, கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: கூடத்தின் நடுவில் வரிசையாக வார்ப்பிரும்புத் தூண்கள். மேடை மறைகிறது. இரண்டை மட்டும் எடுத்துவிடலாமா?

எடுக்க முடியும். அந்த இரண்டின் பாரத்தைப் பக்கத்துத் தூண்களுக்குக் கொண்டுபோக ஒரு பெரிய எஃகு உத்திரம், அதைத் தாங்கும் அளவுக்குப் பக்கத்துத் தூண்களுக்கும் அடித்தளத்துக்கும் பலம், வேலை முடியும்வரை ஜாக்கி வைத்த தாங்கல் எல்லாம் வேண்டும். இரண்டு தூணுக்காக ஆறு இடத்தில் தோண்ட நேரிடும். மேடையைக் குறுகிய சுவரிலிருந்து நீளமான சுவருக்கு மாற்றிப் பாருங்கள். கடைசி வரிசை மேடைக்கு அருகில் வந்துவிடும், மறைக்கும் தூண்களும் குறையும். அப்படியும் மறைக்கும் இடங்களில் நடைபாதை, பரிமாறும் மேசை, ஒலிக்கலவைப் பலகை இவற்றை வைக்கலாம்.

தூணைத் தொடுவதற்கு முன் இன்னொன்று. பழைய நெசவுக் கூடங்களில் உள்ளே பொள்ளலான தூணையே மழைநீர்க் குழாயாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மேலே வாய்க்கால் தண்ணீர் தூணுக்குள் இறங்கிக் கீழே வடிகாலில் சேரும். நூறு ஆண்டு தண்ணீர் ஓடிய தூண் வெளியே வண்ணம் பூசி அழகாக நிற்கும், உள்ளே துரு தின்றிருக்கும். ஒவ்வொரு தூணிலும் நான்கு பக்கத்திலும் மீயொலிக் கருவியால் தடிமன் அளக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் அளந்தால் போதாது. வார்க்கும்போது உள்அச்சு நகர்ந்துவிட்டால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரில் பெம்பர்ட்டன் ஆலை 1860 ஜனவரி 10 அன்று ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சரிந்தது. விசாரணையில் முதலில் மாட்டிக்கொண்டவை இப்படித் தடிமன் ஒழுங்கில்லாமல் வார்த்த தூண்கள்தான்.

விரிசல் கண்ட தூணில் சாதாரண வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூட்டில் பக்கத்திலேயே புது விரிசல் விடும். சூடு காட்டாமல் உலோகத் தையல் போடும் முறை இருக்கிறது, அதற்கென்று ஆட்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: ஸ்பீக்கரையும் விளக்கையும் கூரை ட்ரஸ்ஸில் தொங்கவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். பாதுகாப்பா?

கூரை ட்ரஸ் தன் எடை, ஓடு அல்லது தகடு, காற்று இவற்றுக்குக் கணக்குப் போட்டுக் கட்டியது. 6 மீட்டருக்கு 4 மீட்டர் எல்இடி திரை சதுர மீட்டருக்கு 40 கிலோ என்றால் 960 கிலோ. சட்டமும் சங்கிலி மோட்டாரும் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். மோட்டார் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வரும் திடீர் இழுப்புக்கு இன்னும் கால் பங்காவது கூட்டிக்கொள்ள வேண்டும்.

பொறியாளர் கணக்கிட்டு அனுமதித்தால் மட்டும், கம்பிகள் வந்து சேரும் முடிச்சுகளில் தொங்கவிடலாம். இரண்டு முடிச்சுக்கு நடுவில் தொங்கவிட்டால் கீழ்க்கம்பி வளையும், இழுப்புக்காக மட்டுமே வைத்த கம்பி அது. கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினில் எதையும் தொங்கவிடக் கூடாது. அனுமதித்த முடிச்சுகளுக்கு எண் போட்டு, எத்தனை கிலோ என்று அங்கேயே எழுதி, அந்த வரைபடத்தை வரும் ஒவ்வொரு ஒலி ஒளிக்காரர் கையிலும் கொடுத்துவிடுங்கள். முடிச்சுகள் போதாதென்றால் தரையில் நிற்கும் நான்கு கோபுரங்கள் மேல் அலுமினிய ட்ரஸ் வைக்கலாம். அந்தக் கோபுரங்களின் கால் எங்கே வருகிறது என்பதைக் கீழே தரைச் சுரங்கம் பற்றிய பதிலோடு சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: காலிக் கூடத்தில் ஒரு கைதட்டினால் ஏழெட்டு நொடி முழங்குகிறது. பேசுவது புரியவில்லை. திரைச்சீலை போட்டால் சரியாகுமா?

உயர் சுருதி மட்டும் அடங்கும். கீழ்ச்சுருதி அப்படியே உருண்டுகொண்டிருக்கும். காது அதை இன்னும் மோசமாக உணரும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். முழக்க நேரம் என்பது கன அளவை 0.161 ஆல் பெருக்கி, கூடத்தின் மொத்த உறிஞ்சுபரப்பால் (ஒலியை முழுதும் விழுங்கும் பரப்பு எவ்வளவுக்குச் சமம் என்ற அளவு) வகுப்பது. நம் கூடத்தின் கன அளவு 5,600 கனமீட்டர். செங்கல், சிமென்ட், தகடு, கண்ணாடி எல்லாம் சேர்ந்து சுமார் 100 சதுர மீட்டர் உறிஞ்சும். வகுத்தால் 9 நொடி. பேச்சும் ஒலிபெருக்கி இசையும் தெளிவாகக் கேட்க 1.2 நொடி அளவில் வேண்டுமென்றால் 750 சதுர மீட்டர் தேவை. 400 பேர் வந்தால் ஆளுக்கு அரை சதுர மீட்டர் வீதம் 200 அவர்களே தருவார்கள். மீதி 450. நல்ல பலகை தன் பரப்பில் பத்துக்கு எட்டுப் பங்கு உறிஞ்சும் என்று வைத்தால், சுமார் 565 சதுர மீட்டர் பலகை. கூரைப் பரப்பில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. நாலு சுவரில் அழகுக்கு மாட்டும் இருபது பலகைகள் எதையும் சாதிக்காது என்பது இந்த எண்ணிலேயே தெரியும்.

பலகையின் தடிமன் முக்கியம். 25 மில்லிமீட்டர் பலகை டிரம், பேஸ் ஒலியைத் தொடாது. 100 மில்லிமீட்டர் ராக்வுல் (பாறையிழைப் பலகை), அதன் பின்னால் 100 மில்லிமீட்டர் காற்று இடைவெளி, முன்னால் கண்ணாடி இழைத் துணி என்று போனால் கீழ்ச்சுருதியும் ஓரளவு அடங்கும். ரம்பப்பல் கூரையின் சரிந்த பக்கத்தின் உள்முகம் இதற்கென்றே கட்டியதுபோல இருக்கும். கண்ணாடிப் பக்கம் வெளிச்சத்துக்கு அப்படியே இருக்கட்டும். சதுர மீட்டருக்கு 10 கிலோ என்றாலும் மொத்தம் ஐந்தரை டன்னுக்கு மேல் கூரையில் ஏறுகிறது. ட்ரஸ் கணக்குப் போடும் பொறியாளருக்கு இதை முதலிலேயே சொல்லுங்கள், விளக்கு மாட்டும் நாளில் சொன்னால் காலம் கடந்துவிடும்.

மேடைக்கு எதிர்ச்சுவரை முதலில் மூடுங்கள். மேடையிலிருந்து கிளம்பும் ஒலி 40 மீட்டர் போய்த் திரும்ப 80 மீட்டர், அதற்குக் கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். 50 மில்லிநொடிக்கு மேல் தாமதித்து வருவது தனி எதிரொலியாகக் கேட்கும். பேசுகிறவர் தன் குரலே திரும்பி வருவதால் தடுமாறுவார். ஸ்பீக்கரை ஒரே இடத்தில் உரக்க வைப்பதைவிட, கூடத்தின் பாதியில் இன்னொரு ஜோடி சிறு ஸ்பீக்கர்களைத் தகுந்த தாமதத்தோடு வைத்தால் குறைந்த சத்தத்திலேயே கடைசி வரிசைக்குச் சொல் புரியும்.

கேள்வி: அக்கம்பக்கத்தில் வீடுகள். இரவுச் சத்தத்தை எப்படித் தடுப்பது?

மேலே சொன்ன பலகைகள் உள்ளே முழக்கத்தைக் குறைக்கும், வெளியே போவதைத் தடுக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு செலவு செய்கிறவர்கள் நிறைய. வெளியே போவதைத் தடுப்பது எடையும் இடைவெளியில்லாத மூடலும். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்ற 99 பங்கு எவ்வளவு கனமாக இருந்தாலும் குறைவது 20 டெசிபெல்தான். ஆகவே கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து, உடைந்த கண்ணாடி, பழைய காற்றுக்குழாய் வாய், கதவின் அடி இவற்றை அடைப்பது முதல் வேலை.

ஒற்றைத் தகடு சதுர மீட்டருக்கு 5 கிலோதான். பேஸ் ஒலி அதை ஊடுருவி நேராக வெளியே போய்விடும். எடையை இரட்டித்தால் சுமார் 6 டெசிபெல் குறையும். உள்ளே தனிச் சட்டத்தில் இரண்டடுக்கு ஜிப்சம் பலகை போட்ட உட்கூரை நல்ல பலன் தரும், ஆனால் அதன் எடையைப் பழைய ட்ரஸ் தாங்காது, தரையிலிருந்து எழும் சட்டம் வேண்டும். அவ்வளவு முடியாதவர்கள் பஞ்சுக் கிடங்கை இசைக்கு ஒதுக்குவதும், வீடுகள் இல்லாத பக்கம் நோக்கி மேடையைத் திருப்புவதும், நுழைவாயிலில் இரண்டு கதவு கொண்ட முன்னறை வைப்பதும், நிரந்தர ஒலிவரம்புக் கருவி பொருத்துவதும் செய்யலாம். பின்பக்கம் ஒலியை அடக்கும் விதத்தில் சப்வூஃபர்களை அடுக்கும் முறையும் உண்டு. அளவெடுப்பதைப் பக்கத்து வீட்டுச் சன்னலோரத்தில் செய்யுங்கள்.

கேள்வி: தரைக்கு அடியில் ஆள் நடக்கும் அளவு சுரங்கங்கள் போகின்றன. மண் கொட்டி மூடிவிடலாமா?

மூடாதீர்கள். ஆலைக் காற்றில் ஈரம் கூட்டும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டுக்குக் காற்றைத் திரும்பக் கொண்டுபோன வழிகள் அவை. கூடத்துக்குக் குளிர்காற்றைக் கீழிருந்து தரவும், மேடைக்கு மின்கம்பி கொண்டுபோகவும் இதைவிட நல்ல வழி புதிதாகக் கட்டினாலும் கிடைக்காது. மண் கொட்டினால் ஆண்டுகள் போகப் போக அமுங்கி மேல்தரை விரிசல் விடும்.

பயன்படுத்துவதற்கு முன் பஞ்சுத் தூசியை எடுக்க வேண்டும். பல ஆண்டுச் சேர்மானம், எந்திர எண்ணெய் ஊறியது, ஒரு பொறி பட்டால் சுரங்கம் முழுக்க ஓடிவிடும். கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள், தூசி மேகமாக எழுந்தால் அதுவே வெடிக்கக்கூடியது. தீப்பொறி எழாத தொழில்முறை வாக்குவம்தான் வேண்டும். இதே தூசி உத்திரங்களின் மேல்முகத்திலும் குழாய்களின் முதுகிலும் விரல் தடிமனில் படுத்திருக்கும். ஏணி வைத்துக் கையால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். பிறகு, கூடம் கூடமாகத் தீ பரவாமல் சுரங்கத்தில் குறுக்குச் சுவர் கட்டி, கம்பி போகும் ஓட்டைகளைத் தீத்தடுப்புப் பசையால் அடையுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் தானாக ஓடும் பம்ப் வையுங்கள்.

மேலே மூடியிருக்கும் பலகைகளைத் தட்டிப் பார்த்து, விளிம்பு நொறுங்கியதை மாற்றுங்கள். நடக்கிற ஆளைத் தாங்கும் பலகை, ஸ்பீக்கர் இறக்கும் ஃபோர்க்லிஃப்டின் சக்கரத்தைத் தாங்காது. சுரங்கங்களின் வழித்தடத்தைத் தரையில் வண்ணக்கோடாகப் போட்டுவிட்டால் கோபுரத்தின் காலையோ கனமான வண்டியையோ யாரும் அங்கே நிறுத்த மாட்டார்கள்.

கேள்வி: 900 பேருக்கு எத்தனை கதவு வேண்டும்? பெரிய இழுப்புக் கதவு இரண்டு இருக்கின்றன.

இழுப்புக் கதவைத் தப்பும் வழிக்கான கணக்கில் சேர்க்காதீர்கள். கூட்டம் முண்டும்போது அதை நகர்த்த முடியாது. தப்பும் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உடம்பு பட்டாலே திறக்கும் பேனிக் பார் வேண்டும்.

மேடை, பின்னறை போக 600 சதுர மீட்டர் மிஞ்சினால், நாற்காலி வரிசைக்கு ஆளுக்கு 0.65 சதுர மீட்டர் வீதம் 900 பேருக்கு மேல். மேசை போட்ட விருந்துக்கு 1.4 வீதம் 430 பேருக்குள். பல நாட்டு விதிகளில் ஆளுக்கு 5 மில்லிமீட்டர் கதவகலம் என்பது அடிப்படை. 900 பேருக்கு 4.5 மீட்டர். ஒரு கதவு தீயால் அடைபட்டதாக வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், ஆகவே ஒன்றரை மீட்டர் கதவுகள் நான்கு. இரண்டு கதவுகளுக்கு நடுவே கூடத்தின் மூலைவிட்டத்தில் பாதியாவது தூரம் இருக்கட்டும், நம் கூடத்துக்கு 22 மீட்டர். பக்கத்தில் பக்கத்தில் நான்கு கதவு வைத்தால் ஒன்று வைத்ததற்குச் சமம். இவை பொது அளவுகள். உங்கள் ஊர்த் தீயணைப்புத் துறை கேட்பது அதிகமானால் அதுதான் செல்லும்.

நுழைவாயிலை மட்டும் அகலமாக வைத்து நிம்மதி அடைய வேண்டாம். அமெரிக்காவில் ரோட் ஐலண்டின் வெஸ்ட் வார்விக்கில் 2003 பிப்ரவரி 20 அன்று ஓர் இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி, ஒலிக்காகச் சுவரில் ஒட்டிய பாலியூரிதேன் நுரையில் பட்டது. வேறு கதவுகள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் வந்த வாசலுக்கே ஓடி நெரிசலில் சிக்கினார்கள். நூறு பேர் இறந்தார்கள். எனவே, கூட்டம் நுழையும்போதே இரண்டு மூன்று வாசல்கள் வழியாக வரும்படி அமையுங்கள். உள்ளே நுரை, தெர்மோகோல், சிகிச்சை செய்யாத துணி எதையும் அலங்காரக்காரர் கொண்டுவரக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பழைய ஆலையில் ஸ்பிரிங்க்ளர் குழாய் இருப்பதைப் பார்த்துச் சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். தானியங்கித் தெளிப்பான்கள் 1870-களிலும் 80-களிலும் பரவியதே பஞ்சாலைகளில்தான், அதனால் குழாய் இருப்பதில் வியப்பில்லை. உள்ளே துரு அடைத்திருக்கும். அழுத்தச் சோதனை செய்து, தலைகளை மாற்றி, தண்ணீர் அளவைப் புதிய பயன்பாட்டுக்குக் கணக்கிட்ட பிறகுதான் அதை நம்பலாம்.

கேள்வி: தரைக்கு எபாக்ஸி பூசினோம். மூன்றே மாதத்தில் அப்பளமாக உரிகிறது. ஏன்?

எண்ணெய். எந்திரத்தின் அடியில் கான்கிரீட் பல ஆண்டுகள் எண்ணெய் குடித்திருக்கிறது. மேலே கழுவினால் போகாது, ஆழத்திலிருந்து மறுபடி ஏறி வரும். உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வழுவழுப்பும் கருமையும் இருந்தால் எண்ணெய். வெண்தூளும் ஈரமும் இருந்தால் நிலத்தின் ஈரம் ஏறுகிறது. ஈரத்துக்கு, 45 சென்டிமீட்டர் சதுர பாலிதீன் தாளின் நான்கு ஓரத்தையும் ஒட்டி 16 மணி நேரம் வைத்து, அடியில் வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணெய் தரைக்கு, மேல் 3 முதல் 5 மில்லிமீட்டரைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் நீக்கியால் சூடாகக் கழுவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் பூசலாம். முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. இரண்டு தடவைக்கு மேல் முத்து நின்றால் ஒட்டும் முயற்சியை விட்டுவிட்டு, பாலிதீன் விரித்து அதன்மேல் 75 மில்லிமீட்டர் கான்கிரீட் தனித்தளமாகப் போடுங்கள். சதுர மீட்டருக்கு 180 கிலோ ஏறும், எனவே தரைத்தளத்துக்கு மட்டும். எந்திரத்தைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தரைமட்டத்தில் அறுத்தால் துரு வீங்கி மேலே பிளக்கும். 20 மில்லிமீட்டர் ஆழத்தில் அறுத்துச் சுருங்காத கிரௌட்டால் அடையுங்கள்.

கேள்வி: செங்கல் சுவரை மணல் வீச்சு அடித்துப் புதிதாக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். செங்கல்லின் மேல்தோல்தான் சூளையில் நன்றாக வெந்த பகுதி. மணல் வீச்சில் அது போய்விட்டால் உள்ளிருக்கும் மிருதுவான பகுதி மழையைக் குடித்து வருடா வருடம் உதிரும். குறைந்த அழுத்த நீராவியும் நார்த் தூரிகையும் போதும். பெயர்ந்த சாந்தைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே நிரப்புங்கள். சிமென்ட் சாந்து செங்கல்லைவிடக் கடினம். ஈரம் சாந்து வழியே வெளியேற முடியாமல் செங்கல் வழியே வெளியேறி, செங்கல் முகம் தெறிக்கும். சுவரில் பழைய எந்திர எண்கள், பிரிவுப் பெயர்கள் வண்ணத்தில் எழுதியிருந்தால் முதல் தூரிகை படுவதற்கு முன்பே படம் எடுத்து, அந்த இடத்தைத் துணி கட்டி மூடிவிடுங்கள்.

கூரை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடாக இருந்தால் இதையெல்லாம் தொடங்கும் முன்பே உரிமம் பெற்ற ஆட்களைக் கொண்டு நனைத்து, உடைக்காமல் கழற்றுங்கள். துளையிடுவது, அழுத்த நீரால் கழுவுவது இரண்டும் இழையைக் காற்றில் கலக்கும். பழைய தகடு ஆள் எடையையும் தாங்காது, மேலே நடக்கவே கூடாது.

கேள்வி: ஆலைக்குப் பெரிய மின் இணைப்பும் காற்றுப் பிளான்ட்டும் இருக்கின்றன. அப்படியே பயன்படுமா?

மின் ஒதுக்கீடு பயன்படும், வயரிங் பயன்படாது. மூன்று ஃபேஸிலும் சமமாக இழுத்த மோட்டார்களுக்குப் போட்டது அது. எல்இடி விளக்கு, திரை, ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி, மின்னோட்டம் திரும்பும் நியூட்ரல் கம்பியில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல் கூடும். ஃபேஸ் கம்பியைவிட நியூட்ரல் சூடாவது இதனால்தான். நியூட்ரலை இருமடங்கு தடிமனாக எடுங்கள். ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனிப் பகிர்வுப் பெட்டி, முடிந்தால் தனி ட்ரான்ஸ்ஃபார்மர். மேடையருகே 63 ஆம்பியர், 125 ஆம்பியர் மூன்று ஃபேஸ் சாக்கெட் வைத்துவிட்டால் வருகிறவர்கள் பலகையைத் திறந்து நேரடியாகக் கொக்கி மாட்டமாட்டார்கள். மிகப் பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் நச்சுப் பொருளான பிசிபி இருக்கலாம், சோதிக்காமல் வடிக்காதீர்கள்.

காற்றுப் பிளான்ட்டில் சுரங்கமும் அறையும் பயன்படும். காற்றில் தண்ணீர் தெளிக்கும் ஏர் வாஷரைக் கழற்றிவிடுங்கள். நூல் அறாமல் இருக்க ஈரம் கூட்டுவது அதன் வேலை, மனிதக் கூட்டத்துக்கு ஈரத்தைக் குறைக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் லெஜியனெல்லா கிருமியும் வளரும். உட்கார்ந்த 900 பேர் ஆளுக்கு 100 வாட் வெப்பம் விடுவார்கள். அதற்கு மட்டுமே ஏறத்தாழ 26 டன் குளிரூட்டல், ஆடினால் இரண்டரை மடங்கு. ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று என்றால் மணிக்கு 32,000 கனமீட்டருக்கு மேல். 7 மீட்டர் உயரம் முழுவதையும் குளிர்விக்க வேண்டியதில்லை. சுரங்கம் வழியாகக் கீழே மெதுவாகக் காற்றை விட்டு, சூடானதை ரம்பப்பல்லின் உச்சியில் வெளியேற்றினால் ஆள் இருக்கும் உயரம் மட்டும் குளிரும்.

கேள்வி: பணம் பாதிதான் இருக்கிறது. எல்லாவற்றையும் சுமாராகச் செய்து திறந்துவிடலாமா?

ஒரு கூடத்தை முழுமையாகச் செய்து திறங்கள். மற்றவற்றுக்குக் கூரை ஒழுகாமல் பார்த்து, கதவடைத்து வைத்தால் போதும். மாசசூசெட்ஸின் நார்த் ஆடம்ஸில் துணி அச்சுக்காகக் கட்டிய ஆலைக் கட்டடங்களில் மாஸ் மோக்கா கலைக்கூடம் 1999-ல் திறந்தது. அதன் ஆறாம் எண் கட்டடம் 2017-ல்தான் மக்களுக்குத் திறந்தது. அதுவரை காத்திருந்தும் அந்தக் கட்டடம் கெட்டுப்போகவில்லை. நீங்கள் பின்னால் திறக்கப்போகும் கூடங்களுக்கும் சேர்த்து மின்கம்பிக் குழாய், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் மட்டும் முதல் கட்டத்திலேயே தரைக்கடியில் போட்டு முனையை மூடி வையுங்கள். போட்ட இடத்தை இரண்டு சுவர்களிலிருந்து அளந்து வரைபடத்தில் குறித்து, ஒரு நகலை மின்பலகை அறையில் ஒட்டிவிடுங்கள்.